சந்தனம் அத்தைக்கு ஏழு மகள்கள்

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். கல்லூரியில் எல்லாரும் இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். தேர்தலில் ஓட்டுக் கேட்டபோது மட்டும் இதையே என் தகுதியாகச் சொன்னார்கள். அப்படித்தான் கற்பகமாகிய நான், பி.காம். மூன்றாம் ஆண்டு, கேரளத்துச் சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் லயம் என்கிற வரிசை வீட்டுப் பெண், மாணவர் யூனியனுக்குத் துணைத்தலைவி ஆனேன். துணைத்தலைவிக்கு என்ன வேலை என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதல் மூன்று மாதம் விழாவுக்கு வந்த விருந்தினர்களுக்குப் பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் மாதம் முருகேஸ்வரி கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள்.

முருகேஸ்வரி எனக்கு ஒரு வருடம் இளையவள். எங்கள் லயத்திலிருந்து இரண்டு லயம் தள்ளி அவள் வீடு. வகுப்பில் முதல் மார்க் அவளுக்குத்தான். இரண்டாம் மார்க்குக்குத்தான் மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை வரவில்லை, திங்கள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. திங்கள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் அப்பா பெரியமுத்து மாமா டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா கற்பகம்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"முருகேஸ்வரிக்கு மேலுக்குச் சொகமில்லையா மாமா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. படிச்ச வரைக்கும் போதும். வியாழக்கெழம எனக்கு லீவு. காலேஜுக்கு வந்து டி.சி.ய வாங்கிருவேன்."

உள்ளே முருகேஸ்வரி அடுப்பு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பவே இல்லை. நான் விடாமல் கேட்கக் கேட்க, மாமா கடைசியில் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

'உங்கள் மகள் முருகேஸ்வரி வேற்று மதப் பையனோடு ஊர் சுற்றுகிறாள். ஒரு வாரத்துக்குள் கல்லூரியை விட்டு நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் இந்தப் படம் எஸ்டேட் முழுக்கப் போகும். இப்படிக்கு, உங்கள் நலம் விரும்பி, மலைக்காவல் படை.'

கீழே ஒரு படம். முருகேஸ்வரியும் அவள் வகுப்புப் பையன் ஜிபியும் அருகருகே நின்று டீ குடிக்கிறார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறியது. ஏனென்றால் அந்த டீயை நானும் குடித்தேன். போன மாதம் யூனியன் சார்பில் காமர்ஸ் மாணவர்களை வண்டன்மேட்டுக்கு ஏலக்காய் ஏலம் பார்க்கக் கூட்டிப்போனோம். திரும்பும் வழியில் பத்துப் பேர் வரிசையாக நின்று டீ குடித்தபோது எடுத்த படம் அது. முருகேஸ்வரிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். எட்டுப் பேரை வெட்டி எறிந்துவிட்டு இருவரை மட்டும் வைத்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் என் முழங்கை மட்டும் தெரியும்.

மலைக்காவல் படை என்று ஒன்று எங்கள் கல்லூரியில் ஒரு வருடமாக நடமாடிக்கொண்டிருந்தது. மலையில் உள்ள பெண்களைக் காப்பாற்றுகிறார்களாம். யாரிடமிருந்து என்று கேட்டால் ஒரு வாரம் வேற்றுச் சாதி என்பார்கள், மறு வாரம் வேற்று மதம் என்பார்கள், எதுவும் கிடைக்காத வாரம் ஜீன்ஸ் என்பார்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்று எந்தப் பெண்ணும் மனு கொடுத்ததாகத் தெரியவில்லை. எவள் எவன் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று கான்டீன் சுவரில் எழுதினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனை அடித்துப் பல்லை உடைத்தார்கள். யூனியனில் நாங்கள் இரண்டு கண்டனத் தீர்மானம் போட்டோம். அதைப் படித்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

"மாமா, இந்தப் படத்துல நானும் இருக்கேன்" என்றேன். "பத்துப் பேரு நின்னோம்."

"இருக்கலாம்த்தா. நான் நம்புவேன். லயத்துல எத்தன பேரு நம்புவாக?" என்றார் மாமா. போனைத் திருப்பிக் கொடுத்தேன். கோபம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு அந்த மனிதரிடம் ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே வந்தால் கிரீச் வாசலில் சந்தனம் அத்தை கையை ஆட்டிக் கூப்பிட்டாள். எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவள் அவள். கிரீச் மேட்டில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் அங்கே மட்டும்தான் போனுக்கு ஒழுங்காக ரேஞ்ச் கிடைக்கும். யாருக்கு என்ன செய்தி என்றாலும் அத்தை போனுக்கு வரும். அத்தை கூவி அழைப்பாள்.

"ஏன்டி கற்பகம், எனக்கு ரெண்டும் பயலுக. தெரியும்ல? எவனோ என்னைய ஏழு பொம்பளப்பிள்ளைக்கு அப்பனாக்கிட்டானுகடி. இந்தா, நீயே பாரு."

பார்த்தேன். ஏழு செய்திகள். எல்லாம் ஒரே வாசகம், பெண் பெயர் மட்டும் வேறு வேறு. படமும் இல்லை, படத்தைப் பற்றிய மிரட்டலும் இல்லை. போன வியாழக்கிழமையே வந்திருக்கின்றன, ஏதோ கடன் கம்பெனிக்காரன் என்று அத்தை திறக்காமல் விட்டிருக்கிறாள். ஏழில் ஐந்தாவது நான். 'உங்கள் மகள் கற்பகம் வேற்று மதப் பையனோடு ஊர் சுற்றுகிறாள்.' எந்தப் பையன் என்று பெயராவது போட்டிருக்கலாம். நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஏழு பெயரையும் மறுபடி எண்ணினேன். அந்த ஏழு பெண்களுக்கும் அத்தை நம்பரைப் போட்டது நான்தான்.

வண்டன்மேட்டுப் பயணத்துக்குப் பெற்றோர் நம்பர் வேண்டும் என்றார்கள். லயத்தில் வீட்டுக்குள் ரேஞ்ச் இல்லாத ஏழு பேரும், என்னையும் சேர்த்து, அத்தை நம்பரைக் கொடுத்தோம். எங்களுக்கு அது வீட்டு விலாசம் சொல்வது போல. முருகேஸ்வரி மட்டும் அப்பா புது போன் வாங்கியிருக்கிறார் என்று பெருமையாக அவர் நம்பரைக் கொடுத்தாள். கல்லூரிப் பதிவேட்டில் எங்கள் எல்லாருக்கும் எஸ்டேட் ஆபீஸ் நம்பர்தான். ஆக, இந்த எட்டுப் பெண்களின் பெயரும் நம்பரும் ஒன்றாக இருந்தது ஒரே ஒரு பட்டியலில். அதை டைப் செய்து, ஒன்பது பேர் இருக்கும் யூனியன் கமிட்டி குரூப்பில் போட்டவள் துணைத்தலைவி கற்பகம். எங்களில் ஒருவன்தான் படையிடம் கொடுத்திருக்கிறான்.

செய்திகள் நான்கு நம்பரிலிருந்து வந்திருந்தன. பயல்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் அனுப்பிய நம்பருக்கே இன்னொருவனும் அனுப்புகிறான் என்று யாருக்கும் உறைக்கவில்லை. மூன்று நம்பர் வெறும் எண்களாகக் கிடந்தன. நான்காவதுக்கு மேலே அத்தையின் போன் ஒரு பெயரைக் காட்டியது: 'ராசு அம்மா.'

"இது யாரு அத்த?"

"நம்ம ராஜசேகர் அம்மாடி. கடைக்குட்டிய இங்கதான விட்டுட்டுப் போறா. புள்ள அழுதா கூப்பிடணும்ல, எல்லாத் தாய்க நம்பரும் பேரு போட்டு வச்சிருக்கேன்."

ராஜசேகர் எங்கள் யூனியனின் விளையாட்டுச் செயலாளர். வண்டன்மேட்டில் அந்தப் படத்தை எடுத்தவனும் அவன்தான். தன் நம்பரிலிருந்து அனுப்பினால் மாட்டிக்கொள்வோம் என்று அம்மா போனிலிருந்து அனுப்பியிருக்கிறான். கல்லூரியில் எவருக்கும் தெரியாத நம்பர்தான். கிரீச் ஆயாவுக்குத் தெரியும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை யூனியன் அறையில் ஒன்பது பேரும் உட்கார்ந்திருக்கும்போது அத்தையின் போனை மேஜை நடுவில் வைத்தேன். தலைவன் ஜிதின் ராஜாக்காட்டு மலையாளி. தமிழ் புரியும், பேச வராது. எனக்கு மலையாளம் சுமாராக வரும், கோபம் வந்தால் பிரமாதமாக வரும். அன்றைக்குப் பிரமாதமாக வந்தது.

ராஜசேகர் முதலில் வெளுத்தான். பிறகு நிமிர்ந்தான்.

"ஆமா, நாந்தேன். நம்ம பிள்ளைக நல்லதுக்குத்தான செஞ்சேன். உனக்கு இப்பப் புரியாது."

"ஒரு புள்ள படிப்ப நிப்பாட்டிட்டாங்கடா."

"கெட்டுப்போறதுக்கு அது மேலு." எழுந்து கதவு வரை போய்த் திரும்பினான். "படத்தப் பத்திப் பராதி புகாருன்னு குடுக்கணும்னா படத்துல இருக்கவதான் குடுக்கணும். அவ கையெழுத்துப் போடட்டும், அப்பறம் பாப்போம்."

அவன் போனபிறகு ஜிதின் கதவைச் சாத்தினான். இதைச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றான். அவனை யூனியனிலிருந்து நீக்கிவிடுவோம், காரணம் சொல்ல வேண்டாம். பட்டியல் நம் குரூப்பிலிருந்து போனது வெளியே தெரிந்தால் அடுத்த தேர்தலில் ஒருவரும் நம்மை நம்ப மாட்டார்கள் என்றான்.

"இப்ப மட்டும் நம்மள எதுக்கு நம்பணும்?" என்றேன். "நம்மள நம்பித்தான் அப்பன் நம்பரக் குடுத்தாங்க."

ஜிதின் நல்லவன். பேச்சு மேடை கிடைத்தால் இறங்க மாட்டான், அது ஒன்றுதான் அவனிடம் தொல்லை. அன்று அத்தையின் போனை எடுத்து ஏழு செய்தியையும் மறுபடி படித்தான். பிறகு நாளைக்கே பொதுக்கூட்டம் கூட்டலாம் என்றான். யார் பேசுவது என்று கேட்டதற்கு என்னைக் காட்டினான்.

புதன்கிழமை மதியம் முந்நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்தேன். "உங்க அப்பா அம்மா நம்பரைப் படைக்காரங்களுக்குக் கிடைக்கும்படி செஞ்சது நான்" என்று ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரே கூச்சல். கேட்டுக்கொண்டு நின்றேன். அதன்பிறகு, எல்லாம் ஒரே கிரீச் ஆயாவுக்கு வந்தவை என்று சொல்லி, ஏழு செய்திகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது செய்தி வரும்போது கூச்சல் அடங்கிவிட்டது. ஏழாவது செய்தியின்போது முன் வரிசையில் ஒருத்தி சிரித்தாள், பிறகு பலர் சிரித்தார்கள். ஒரு வருடமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு உச்சரித்த மலைக்காவல் படை என்ற பெயரைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார்கள். ராஜசேகரை நீக்கும் தீர்மானத்துக்கு எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணவே முடியவில்லை.

ஏழு பேரும் அங்கேயே பராதி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். புகார்க் கமிட்டித் தலைவி நிமி டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இது ஏழும் வெறும் செய்தி. எச்சரிக்கை கொடுத்து விட்டுருவாங்க. படத்தை வெச்சு மிரட்டினதுதான் பெரிய குற்றம். அந்தக் குட்டி முருகேஸ்வரி வந்து எழுதணும். எழுதினா அன்னிக்கே சஸ்பெண்ட், போலீஸுக்கும் போகும்."

அன்று சாயங்காலம் மறுபடி பெரியமுத்து மாமா வாசலில் நின்றேன். பட்டியல் என் வழியாகத்தான் போனது என்று அவரிடமும் சொன்னேன். அதைச் சொல்வது முந்நூறு பேரிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாமா திட்டியிருந்தால் தேவலை. "சரித்தா, போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். வரும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கல்லூரி கேட்டில் படை கூடிவிட்டது. இருபது பேர் இருக்கும். பாதிப் பேர் எங்கள் கல்லூரியே இல்லை. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போடிமெட்டு வழியாக இரண்டு ஜீப்பில் வந்திறங்கியவர்கள். பெரியமுத்து மாமா டி.சி. வாங்க வருகிறார் என்று லயம் முழுக்கத் தெரியும், ராஜசேகருக்கும் தெரிந்துவிட்டது. பேனர் கட்டியிருந்தார்கள்: 'மகளைக் காத்த தந்தைக்குப் பாராட்டு.' நாங்கள் ஏழு பேரும் ஜிதினும் கேட்டுக்கு உள்ளே நின்றோம். நான் ஒரு அடி எடுத்து வைத்தபோது ஜிதின் என் கையைப் பிடித்து நிறுத்தினான். முதல் அடி நம்மிடமிருந்து போகக் கூடாது என்றான்.

பஸ் வந்தது. மாமா வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். பின்னால் முருகேஸ்வரி. கையில் பை இல்லை, புத்தகம் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

ராஜசேகர் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனான். இன்னொருவன் சரிகை போட்ட பொன்னாடையை விரித்து மாமாவின் தோளில் போட்டான். கைதட்டினார்கள்.

"பெரியப்பா, நல்ல முடிவு எடுத்தீக. மலைக்கே நீங்கதான் உதாரணம். ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிருவோம்" என்றான் ராஜசேகர். நான்கைந்து போன்கள் உயர்ந்தன. ஒன்று முருகேஸ்வரியின் முகத்துக்கு நேராக நீண்டது. அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

மாமா பேனரைப் படித்தார். எழுத்துக்கூட்டி, மெதுவாக. ஊருக்குத் தெரியக் கூடாது என்றுதான் அந்த மனிதர் மகளின் படிப்பையே விட்டுக்கொடுக்க வந்தார். அதை ஆறடி நீளத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்.

"படம் வெளிய போகாதுன்னு எழுதியிருந்தீகளேப்பா" என்றார்.

"அது வேற படம் பெரியப்பா. இது பாராட்டு."

மாமா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார். நான்காக மடித்தார். ராஜசேகர் கையில் வைத்தார்.

"குளிருக்கு எங்கிட்ட கம்பளி இருக்கு" என்றார்.

கேட்டுக்குள்ளிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ராஜசேகருக்கு முகம் கோணியது. தணிந்த குரலில்தான் சொன்னான், ஆனால் எங்களுக்கும் கேட்டது. "அப்ப இன்னைக்கே அந்தப் படம் லயம் லயமாப் போகும். பரவால்லையா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் முருகேஸ்வரி முன்னால் வந்துவிட்டாள். வகுப்பில் கேள்வி கேட்டால்கூட எழுந்து நின்று மெல்லச் சொல்கிற பெண். அன்றைக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

"அனுப்பு. அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். முருகேஸ்வரி, பி.காம். ரெண்டாம் வருசம். டீ குடிச்சேன். பக்கத்துல ஜிபி குடிச்சான். இந்தப் பக்கம் கற்பகக்கா குடிச்சாக. நீ அந்தப் பக்கம் நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு, அப்பறம் நீயும் வாங்கிக் குடிச்ச. அதையும் சேத்து அனுப்பு. நம்பர் இல்லாட்டி கேளு, நான் தாரேன்."

பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "இவனுக சொன்னதுக்காகவாப்பா என்னைய நிப்பாட்டுனீக?"

மாமா மகளின் தலையில் கையை வைத்தார், வைத்த கையை எடுக்கவே இல்லை.

அதற்குமேல் என்னை ஜிதினால் பிடித்து வைக்க முடியவில்லை. அவனும் பிடிக்கவில்லை. நாங்கள் ஏழு பேரும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றோம். அடி வாங்குவோம் என்றுதான் நினைத்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் வகுப்புகள் காலியாகி வந்துகொண்டிருந்தன. மாடிப் படியில், மைதானத்தில், எங்கு பார்த்தாலும் ஆட்கள். யாரும் கல் எடுக்கவில்லை, கோஷம்கூடப் போடவில்லை. வந்து நின்றார்கள், அவ்வளவுதான். படைக்குப் பயந்து நான்கு நாளாகக் கல்லூரிப் பக்கமே தலைகாட்டாத ஜிபி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து முன் வரிசையில் நின்றான். ஜீப்பில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் ஜீப் கிளம்பியது. இரண்டாவது ஜீப், ஏறி முடிக்காத ஆளையும் இழுத்துக்கொண்டு கிளம்பியது. அவன் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனான். எங்கள் கல்லூரிக்காரர்கள் நான்கு பேர் மட்டும் பேனரோடு மிச்சம் நின்றார்கள். அத்தை போனுக்குச் செய்தி அனுப்பிய நால்வரும் இவர்கள்தான் என்று, போலீஸ் வந்து நம்பரைப் பார்த்ததும் தெரிந்தது.

நிமி டீச்சர் வெள்ளைத் தாளோடு கேட்டுக்கே வந்துவிட்டார். முருகேஸ்வரி என் முதுகில் தாளை வைத்துப் பராதி எழுதினாள். பேனா முனை சட்டைத் துணிக்கு மேல் ஊர்வது எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதினாள், நிற்காமல். கையெழுத்துப் போட்டாள். மாமா தன் போனை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"இதுலதான் வந்துச்சு. எத்தன நாளு வேணும்னாலும் வச்சுக்கங்க. நானும் கையெழுத்துப் போடணுமா?"

போட்டார்.

பதினோரு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. பன்னிரண்டுக்குள் நால்வருக்கும் சஸ்பெண்ட் உத்தரவு நோட்டீஸ் பலகையில் ஏறியது. இதுவரை பிள்ளைகள் விளையாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த பிரின்சிபல் அதில் தன் கையால் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இப்படி நடந்துகொண்டிருப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். நான் வாயைத் திறந்தேன். ஜிதின் என் காலை மிதித்தான்.

நாங்கள் எல்லாரும் ஆபீஸ் வராந்தாவில்தான் நின்றோம். மாமா தூணோரமாக நின்றிருந்தார். அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து கிளார்க் எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து வெளியே என்ன நடந்தது என்று ஒன்றும் அறியாத ஒரே ஆள் அந்தக் கல்லூரியில் அவர்தான் என்று நினைக்கிறேன்.

"பெரியமுத்து யாரு? டி.சி. வேணும்னு போன்ல விளிச்சுச் சொன்னது நீங்கதானா? ஃபாரம் ரெடி."

முருகேஸ்வரி என் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்ததில் என் விரல் வலித்தது. இவ்வளவு நடந்தும், அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லும் வரை எதுவும் முடியவில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மாமா ஜன்னல் பக்கம் போனார். ஃபாரத்தை வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். நோட்டீஸ் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஃபாரத்தை ஜன்னல் வழியாகத் திரும்ப உள்ளே நீட்டினார்.

"நான்தேன் கேட்டேன் சார். ஆளு மாறிப்போச்சு. அந்தப் பலகையில நாலு பேரு இருக்கு பாருங்க, அவனுகளுக்குக் குடுங்க."

அவர் சொன்ன சத்தத்தில் வராந்தாவே அதிர்ந்தது. அதிர்ந்து பேசாத அந்த மனிதர் தன் சத்தத்துக்குத் தானே கூச்சப்பட்டு, மகள் பக்கம் திரும்பி, ரொம்ப மெல்லச் சொன்னார். "நாலு நாளு பாடம் போயிருச்சேத்தா. போ, கிளாசுக்குப் போ."

அவள் போனாள். நான் அங்கேயே நின்று, யூனியன் துணைத்தலைவி என்ற கௌரவத்தையெல்லாம் விட்டுவிட்டு, முந்நூறு பேர் பார்க்க அழுதேன்.